சிவப்புக் கோட்டில் இருந்த உமி

தோழி,

இன்று பீரோவை ஒழித்தபோது அந்த வரைபடத் தாள் கைக்கு வந்தது. மடிப்புகளில் கிழிந்துவிட்டது, மை மட்டும் மங்கவில்லை. சீனாவுக்குச் சிவப்புக் கோடு, இந்தியாவுக்குப் பச்சைக் கோடு. "சீனாக்காரனுக்குச் செவப்புதான் அம்மணி பொருத்தம்" என்று நிறம் பிரித்தவள் நீ. முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நீ போய் இருபது நாள்தான் ஆகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு வேளாண் அலுவலகத்தில் நாம் இருவரும் தற்காலிகப் பணியாளர்கள். இரண்டு நாடுகளின் தானிய விளைச்சலையும் ஆண்டுவாரியாக ஒப்பிடும் அறிக்கை நம் பொறுப்பு. அது முடிந்ததும் நம்மில் ஒருத்திக்குத்தான் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். அது தெரிந்தும் நீ கிணத்துக்கடவிலிருந்து எனக்கும் சேர்த்தே சாப்பாடு கட்டிவந்தாய்.

உனக்கு எண்களை வெறும் எண்களாகப் பார்க்கத் தெரியாது. பஞ்ச காலத்தில் சீனக் கோடு சரியும் இடத்தில் பேனாவை நிறுத்தி, "எத்தன ஊட்ல அடுப்பெரியாமக் கெடந்துச்சோ" என்றாய். மழை பொய்த்த ஆண்டுகளில் நம் கோடு இறங்கியபோதும் அப்படித்தான். எனக்கோ வேலை முடிந்தால் போதும் என்றிருந்தது.

இந்தியப் பட்டியல் உன்னுடையது, சீனப் பட்டியல் என்னுடையது. அறிக்கையைக் கொடுப்பதற்கு முந்தின நாள் மாலை என் தாள்களைப் புரட்டிப் பார்த்தாய்.

"ஏனம்மணி, இது நெல்லுக் கணக்காட்ட இருக்குது. நம்முளுது அரிசிக் கணக்கு. உமியோட இருக்கறதையும் உமி போனதையும் ஒண்ணா வெச்சுப் பாக்கலாமா?"

உன் அப்பாவுக்கு அரிசி மில். நெல்லை அரைத்தால் எவ்வளவு குறையும் என்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ சொன்னது சரி என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டுமே என்ற எரிச்சலில், "மில்லுக்காரரு புள்ளைன்னா எல்லாந் தெரிஞ்சிருமா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். உன் முகம் சுண்டிப்போனது. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாய்.

மறுநாள், நான் திருத்தாமலே கொடுத்த அறிக்கையில் அதிகாரி சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "இவ்வளவு உசரத்துல நிக்குதே, இது உமியோடவா, உமி நீக்கியா? யாரு எழுதுனது?"

நான் குனிந்து தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

"என்ற தப்புங்க சார். பாக்காம எழுதிப்போட்டேனுங்க."

சொன்னது நீ. என் அப்பா படுக்கையில் கிடந்ததும், வீட்டில் நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறவள் என்பதும் உனக்குத் தெரியும்.

வேலை எனக்கு நிரந்தரமானது. நீ கருமத்தம்பட்டிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கணக்கு டீச்சராகப் போனாய். பார்க்கும்போதெல்லாம் அந்தப் பேச்சை எடுக்கப் பார்ப்பேன். "அத உடு அம்மணி, காப்பியக் குடி" என்பாய். நானும் நிம்மதியாகக் குடித்தேன், வெட்கங்கெட்டவள்.

துக்கத்துக்கு வந்த அன்று உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா எப்பவும் உங்களப் பத்தித்தானுங்க பேசுவாங்க. அவங்க ஒருக்கா பெரிய தப்புப் பண்ணி வேல போச்சுங்களாமா. கணக்குன்னா உங்களாட்ட இருக்கோணும், தப்பே வராதுன்னு சொல்லிச் சொல்லித்தான் என்னைய வளத்தாங்க."

பெற்ற மகளிடம்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்காது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவளுக்கு எழுத வேண்டிய கடிதம் இது. உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ யாரிடமும் சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.