பெயர் கேட்டு வருபவள்

சில்தர்வீக்,
அக்டோபர் 9

ஆல்டிஸ் அவர்களுக்கு,

நான் வல்போர்க். ஊர் நீச்சல்குளத்தில் சீட்டுக் கொடுப்பவள். போன வசந்தத்தில் எங்கள் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பேசவென்று தலைநகரத்திலிருந்து வந்தீர்களே, அப்போது குளத்துக்கும் வந்தீர்கள். துண்டு கொண்டுவர மறந்துவிட்டு என்னிடம் இரவல் கேட்ட உயரமான அம்மா நீங்கள்தானே? துண்டு இன்னும் திரும்பி வரவில்லை. அது கிடக்கட்டும்.

உங்கள் அறிக்கை நேற்று ஊர் நூலகத்துக்கு வந்தது. மேற்படிப்புக்காக ஊரைவிட்டுப் போகும் பிள்ளைகளைப் பற்றியது. கோபித்துக்கொள்ளாதீர்கள், இதையெல்லாம் யாரும் படிப்பதில்லை. நானும் படம் பார்க்கத்தான் புரட்டினேன். நடுவில் ஒரு சாம்பல் கட்டத்துக்குள் இப்படி இருந்தது:

"நான் வீட்டுல இருக்கேன்னே யாருக்கும் தெரியல. சாப்பாட்டு மேசையில உக்காந்திருக்கேன், யாரும் பாக்கல. கதவு திறந்தா அம்மா வேகமா திரும்பறாங்க. அப்புறம் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிடறாங்க. என்னை அந்த மலைப்பாதையில போக விடுங்க. பாதை பயமா இல்ல. இங்க இருக்கறதுதான் பயமா இருக்கு."

கீழே பெயர்: ஸ்வாவா, வயது 17.

ஸ்வாவா என் மூத்த மகள். பள்ளி விடுதியிலிருந்து வார விடுமுறைக்கு வரும்போது அந்த மலைப்பாதையில் கார் உருண்டதில் போய்விட்டாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அவள் இல்லாமல் இது இரண்டாவது குளிர்காலம். இந்த ஊரில் வேறு ஸ்வாவா கிடையாது, இருந்தால் எனக்குத் தெரியாமல் போகாது.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். போன குளிர்காலத்திலிருந்து அவள் என் கனவில் வருகிறாள். சமையலறையில் நிற்பாள், தலையெல்லாம் சொட்டச் சொட்ட. ஒரு வார்த்தை பேசமாட்டாள். செத்தவர்கள் அப்படி வந்து நின்றால் எதற்கு என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும், நீங்களும் இந்த நாட்டில் பிறந்தவர்தானே. பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தன் பெயரை வைக்கச்சொல்லிக் கேட்க வருவார்கள். எனக்கு இனிமேல் பிள்ளை ஏது? அதனால்தான் வேறு யாரிடமோ போய்க் கேட்டிருக்கிறாள், அந்தப் பெண்ணும் வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

யார் அந்தப் பெண்? திட்டமாட்டேன், சத்தியம். பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வல்போர்க்


ரெய்க்யவிக்,
அக்டோபர் 16

அன்புள்ள வல்போர்க்,

துண்டுத் திருடி நான்தான். துவைத்துத் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஸ்வாவாவைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் உங்கள் கையில் அது இப்படி வந்து சேர விட்டிருக்கமாட்டேன். மன்னியுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, முதல் வேலையாக ஆளுக்கொரு பொய்ப்பெயர் எடுத்துக்கொள்ளச் சொன்னோம். தன் சொந்தப் பெயர் மட்டும் கூடாது. ஒருவன் 'திமிங்கலம்' என்றான். ஒருத்தி பக்கத்துவீட்டு நாயின் பெயரை எடுத்துக்கொண்டு சிரித்துச் சிரித்து விக்கினாள். வயதையும் மாற்றிக்கொள்ளலாம் என்றோம். எந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்று எவரிடமும் சொல்லமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தோம். "அம்மா கேட்டா?" என்றது ஒரு குரல். அம்மா கேட்டாலும் இல்லை என்றோம். அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள்.

என் வேலையே அதுதான், வல்போர்க். பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு, அதிகாரிகளுக்குப் புரிகிற பாஷையில் எழுதித் தருவது. பெரியவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: பாதை ஆபத்து, பிள்ளைகளை அனுப்பாதீர்கள், ஊரிலேயே ஒரு கிளைப் பள்ளி திறங்கள். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். இந்த ஒரு பிள்ளை சொன்னதால்தான் விடுதியும் வேண்டும், பாதுகாப்பான பேருந்தும் வேண்டும் என்று எழுதினேன். நாடாளுமன்றக் குழுவின் முன் இந்த வரிகளைப் படித்தபோது, அதுவரை காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார்.

பெயரைச் சொல்ல முடியாது. என்னை வெறுக்காதீர்கள்.

அன்புடன்,
ஆல்டிஸ்


சில்தர்வீக்,
அக்டோபர் 24

ஆல்டிஸ்,

துண்டு வந்தது. ஆனால் கேட்டது துண்டையா?

வாக்காம் வாக்கு! பெற்றவள் தவிக்கிறேன், நீங்கள் விதிமுறை பேசுகிறீர்கள். உங்களுக்குப் பிள்ளை இருக்கிறதா? இல்லையென்று நினைக்கிறேன். மன்னியுங்கள், வாய் நீளம் எனக்கு.

இங்கே என்ன நடக்கிறது தெரியுமா? ஸ்வாவாவின் பச்சைக் கோட்டு வாசல் கொக்கியில் அப்படியே தொங்குகிறது, நான் யாரையும் தொட விடுவதில்லை. போன வாரத்தில் ஒருநாள் காலையில் பார்த்தால் ஈரம்! தோள்பட்டை நனைந்து கிடக்கிறது, நடையில் சொட்டு. என் வீட்டுக்காரர் கேய்ர் மீன்பிடிக் கப்பலில் இருக்கிறார். ஃபோன் போட்டு, "ஏங்க, ஸ்வாவா வந்துட்டுப் போயிருக்கா" என்றேன். அவர், "ஒழுங்கா சாப்பிடறியா?" என்றார். இது ஒரு பதிலா? அதற்கப்புறம் பலமுறை ஈரம் பார்த்துவிட்டேன். பயமே இல்லை. எழுந்ததும் முதலில் கோட்டைத்தான் தொட்டுப் பார்க்கிறேன்.

குளத்துக்கு வருகிற பெண்பிள்ளைகள் முகத்தையெல்லாம் உற்றுப் பார்க்கிறேன், இவளா அவளா என்று. நூலகக்காரர் மகளிடம், "கண்ணு, உன் கனவுல யாராச்சும் வராங்களா?" என்று கேட்டேன். மிரண்டு போனவள் மறுநாளிலிருந்து வருவதே இல்லை.

என் சின்ன மகள் ப்ரின்யாவும் உங்கள் கூட்டத்துக்கு வந்தவள்தான், நான்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அவளைக் கேட்டேன். "தெரியாதும்மா, பிட்சா குடுத்தாங்க" என்றாள். எதற்கும் 'தெரியாது'தான். அவள் வாயைத் திறந்தால்தான் அதிசயம். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள், மேற்படிப்புக்கு அனுப்பவில்லை. அந்தப் பாதைக்கு ஒருத்தியைக் கொடுத்தது போதும். மீன் ஆலையில் வேலை பார்க்கிறாள், வீட்டோடு இருக்கிறாள், எனக்கு நிம்மதி.

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் யாரும் முகம் கொடுப்பதில்லை போலிருக்கிறது. என்ன தாயோ! நான் ஸ்வாவாவின் அறையையே தருகிறேன் என்று சொல்லுங்கள். அவளுக்கென்று கம்பளிச் சட்டைகூடப் பின்ன ஆரம்பித்துவிட்டேன், அளவு தெரியாமலேயே.

வல்போர்க்


ரெய்க்யவிக்,
நவம்பர் 2

அன்புள்ள வல்போர்க்,

உங்கள் கோபம் நியாயமானதுதான். எனக்குப் பிள்ளை இல்லை.

வாக்கு அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது, அவள் விடுவித்தால் நான் சொல்லலாம். அதனால் அவளுக்கு ஃபோன் செய்தேன். ஸ்வாவாவின் அம்மா உன்னைத் தேடுகிறார், சொல்லட்டுமா என்றேன். அதற்கு அவள் சொன்னது இதுதான்:

"அவங்க யாரைத் தேடறாங்கன்னு கேட்டு எழுதுங்க. அதுக்கு என்ன சொல்றாங்களோ, அப்படியே எனக்குச் சொல்லணும். மாத்தாம சொல்லணும். அப்புறம் நானே போய்ச் சொல்லிக்கறேன்."

கேட்டுவிட்டேன். யாரைத் தேடுகிறீர்கள், வல்போர்க்? உடனே பதில் எழுதாதீர்கள். ஒரு வாரம் வைத்திருங்கள். உங்கள் இரண்டு கடிதத்தையும் மறுபடி மறுபடி படிக்கிறேன். இதற்குமேல் ஒரு சொல் எழுதினாலும் வாக்கு உடைந்துபோகும்.

அன்புடன்,
ஆல்டிஸ்


சில்தர்வீக்,
நவம்பர் 5

ஆல்டிஸ்,

இதிலென்ன யோசிக்க இருக்கிறது? ஸ்வாவாவைத்தான். வேறு யாரைத் தேடப்போகிறேன்? இந்த வீட்டில் எனக்குத் தொலைந்தது அவள் ஒருத்திதான்.

அப்படியே சொல்லிவிடுங்கள். சீக்கிரம் வரச்சொல்லுங்கள். சட்டையில் கை மட்டும்தான் பாக்கி.

வல்போர்க்


ரெய்க்யவிக்,
நவம்பர் 11

வல்போர்க்,

சொல்லிவிட்டேன், ஒரு சொல்லும் மாற்றாமல். "சரி" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை.

இனி எழுதுவது அலுவலகத்துக்குத் தெரிந்தால் என் வேலை போகும், போகட்டும். இந்தக் கடிதம் கைக்கு வரும் அன்று மாலை விளக்கேற்றிச் சாப்பிட உட்காரும்போது, ஜன்னலைப் பார்க்காதீர்கள். உங்கள் மேசையில் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நிமிர்ந்து பாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆல்டிஸ்


சில்தர்வீக்,
நவம்பர் 20

அன்புள்ள ஆல்டிஸ்,

பனிப்புயலில் பாதை மூடிக்கிடந்து, உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. பாதை திறந்தது அதற்கு முந்தின நாள்; அன்றே ப்ரின்யா போய்விட்டாள்.

காலையில் நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். நடையிலிருந்து வந்து நின்றாள். கையில் பை. உடம்பில் பச்சைக் கோட்டு.

என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? மகளே எங்கே கிளம்பிவிட்டாய் என்றா கேட்டேன்? "அதைக் கழட்டு! அது அவளோடது!" என்று கத்தினேன்.

"தெரியும்மா. விடியறதுக்கு முன்னாடி நடக்கப் போறப்ப நான்தான் போட்டுக்கிட்டுப் போறேன். முதல்நாள் ஈரத்தைப் பாத்துட்டு, அவ வந்துட்டுப் போயிருக்கான்னு அப்பாகிட்ட சொன்னியே. உன் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். அவ போனதுலேர்ந்து நான் பாக்காத சந்தோஷம். அதான் சொல்லல. மழை இல்லாத நாள்ல குழாயில நனைச்சு வெச்சேன்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "பேரையும் நீதான் எடுத்தியாடி?" என்றேன்.

"நான்தான்."

"ஏன்?"

"என் பேர்ல சொன்னா உனக்குக் கேக்காது. அவ பேர்ல சொன்னா நீ கேப்பேன்னு நெனச்சேன். கேட்டியே."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறேன், ஆல்டிஸ். என்ன தாயோ என்று உங்களுக்கு எழுதினேனே, அந்தத் தாய்க்கு இப்போது என்ன சொல்ல? அவளைக் கட்டிக்கொண்டேன். என் கைக்குள் விறைப்பாக நின்றாள். யாரும் தொட்டுப் பழக்கமில்லாத உடம்பு. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "உன் பதிலைக் கேட்டப்புறம்தான் முடிவு பண்ணேன்" என்றாள், குத்திக்காட்டாமல், சாதாரணமாக. ஆகுரெய்ரி நகரத்தில் என் தம்பி வீட்டில் தங்கிக்கொண்டு, புது வருடத்தில் அங்கே பள்ளியில் சேரப்போகிறாள். எல்லாவற்றையும் தானே மாமாவிடம் பேசி முடித்திருக்கிறாள். பேசவே தெரியாதவள் என்று நான் நினைத்திருந்த பெண்!

உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நீங்கள் அன்றே சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன். அறிக்கையை மறுபடி அச்சடிப்பதாக இருந்தால் அந்தப் பெயரை என்ன செய்வதென்று அவளைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

பேருந்து நிறுத்தம் வரை கூடவே போனேன். வழியெல்லாம் பனி, நாங்கள் இருவர்தான். பை கனமா என்று கேட்டேன், இல்லை என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவள் படியில் கால் வைத்ததும் எனக்குத் தாங்கவில்லை, கூப்பிட்டேன். வாயிலிருந்து வந்தது "ஸ்வாவா!" என்றுதான். நாக்கை அறுத்துப் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் திரும்பினாள். சிரித்துக் கையாட்டினாள். முகத்தில் கோபமோ வருத்தமோ துளியும் இல்லை. வீட்டில் நான் எத்தனை தடவை அப்படிக் கூப்பிட்டிருப்பேனோ, அந்தப் பெயருக்குத் திரும்பிப் பழகிவிட்டது அவளுக்கு.

வல்போர்க்