பையைத் திற

மார்ச் 4, செவ்வாய்

கம்பெனியில் இன்று தொல்லை இல்லை. சட்டை தைக்கும் கம்பெனியின் கேட்டில் பதினோரு வருடமாக நிற்கிறேன். வேலை முடிந்து போகிறவர்களின் பையைத் திறந்து பார்க்க வேண்டும். ஆண்களுக்கு நான், பெண்களுக்கு ஒரு அம்மா. யார் பையில் நூல்கண்டு போகிறதென்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

வீட்டில் மனைவியின் பையில் ஒரு புதுப் பேனா. தங்க நிற மூடி. யார் கொடுத்தது என்று கேட்டேன். "ஆபீஸ்ல எல்லாருக்கும்தாங்க குடுத்தாங்க" என்றாள்.

"எல்லாருக்கும்... இருக்கட்டும்" என்றேன். கட்டிய மனைவிதான். ஆனாலும் கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

மார்ச் 6, வியாழன்

சின்னவனின் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். ஐந்து வயதுப் பயல் என்ன கொலையா செய்திருப்பான் என்று போனேன். பள்ளி விடும் நேரத்தில் வகுப்பு வாசலில் நின்றுகொண்டு, பெண்பிள்ளைகளின் பையைத் திறக்கச் சொல்கிறானாம்.

"பசங்களை விட்டுர்றான் சார். ஏன்டா கண்ணான்னு கேட்டா, பொண்ணுங்கதான் காட்டணும்ங்கிறான். ஒரு பொண்ணு ரெண்டு நாளா ஸ்கூலுக்கே வர மாட்டேன்னு அழுவுறாளாம்."

முதலில் சிரிப்புதான் வந்தது. அப்பன் தொழில்! பிறகு உறைத்தது. ஒரு தடவை கம்பெனிக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். அங்கே ஆணும் பெண்ணும் ஒன்றுதான், எல்லார் பையும் திறந்தாக வேண்டும். பெண்கள்தான் காட்ட வேண்டும் என்று இவனுக்கு யாரோ ஓதியிருக்கிறார்கள். யார்? என்னிடமா ஒளிய முடியும்?

மார்ச் 7, வெள்ளி

பள்ளி வேன் டிரைவர் மேல்தான் சந்தேகம். வாய் நீளம். காலையில் மெல்ல வாயைப் பிடுங்கினேன். "உங்க வீட்ல யாருண்ணே பெரியவங்க?"

"எந்தச் சட்டை போடணும்னே வீட்டுக்காரம்மாதான் சார் எடுத்து வைக்கிறாங்க" என்று பல்லைக் காட்டினார். நடிக்கிறாரோ? ஆனால் சட்டை நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 8, சனி

டிவியின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டேன். அதுவும் காரணமாக இருக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

பிடித்துவிட்டேன். பிடிக்காமலே இருந்திருக்கலாம்.

மத்தியானம் சோபாவில் தூங்குவதுபோல் படுத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்திருந்தேன். அவள் மாடியில் துணி காயப்போடப் போயிருந்தாள். பிள்ளைகள் அப்பா-அம்மா விளையாடினார்கள். பெரியவள்தான் அம்மா. ஏழு வயது. பள்ளிப்பையை மாட்டிக்கொண்டு 'ஆபீஸிலிருந்து' வந்தாள். செருப்பைக் கழற்றினாள். பையை மேசைமேல் வைத்து, 'அப்பா'வான தம்பி கேட்பதற்கு முன்பே ஜிப்பை முழுதாகத் திறந்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

சின்னவன் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக எடுத்தான். ஒரு பென்சிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது யார் குடுத்தது?"

"எல்லாருக்கும்தாங்க குடுத்தாங்க."

"எல்லாருக்கும்... இருக்கட்டும்."

அந்த இழுப்பு. அப்படியே என் வாய். ஐயோ, நான் இப்படியா பேசுறேன்? ஊரெல்லாம் திருடனைத் தேடிட்டு — வெட்கமா இருக்கு.

என் மனைவி எப்போதிலிருந்து நான் கேட்காமலே பையைத் திறந்து வைக்கிறாள்? எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

ஒருவேளை, எனக்குப் பாடம் புகட்ட அவளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து நடிக்க வைத்தாளோ?

சீ. இதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். வேண்டாம். இப்படியும் யோசித்தேன் என்பது இங்கே கிடக்கட்டும்.

மார்ச் 12, புதன்

சின்னவனை மடியில் உட்காரவைத்துச் சொன்னேன். "பொண்ணுங்க பையைப் பாக்கக் கூடாதுடா. தப்பு."

"பெரியவனானதும் பாக்கலாமாப்பா?"

மார்ச் 15, சனி

அவளிடமும் சொல்லிவிட்டேன், இனிமேல் பையைத் திறந்து வைக்க வேண்டாம் என்று. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, வேற ஏதாவது பாக்கணுமா?"

மார்ச் 29, சனி

பெரியவளின் தோழி வீட்டில் பிறந்தநாள். நான் முன்னறையில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டிப் போய், தம்பியிடம் கேட்டாள். "நான் போகட்டுமாடா?"

வண்ணம் தீட்டுவதிலிருந்து அவன் தலை நிமிரவில்லை. "யார் யார் வர்றாங்க?"

"அவன்கிட்ட எதுக்கும்மா கேக்குற?" என்றேன்.

"நீங்கதான் இப்பல்லாம் எதுவும் கேக்கறதில்லையே. அப்ப அவன்தானே கேக்கணும்?"

உள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "யார்கிட்டயும் கேக்க வேணாம். எங்க போறன்னு சொல்லிட்டுப் போ, போதும். இரு, நானும் வர்றேன்." அவள் இவ்வளவு சத்தமாகப் பேசிக் கேட்டு எத்தனை வருடம்! எந்த வீடு என்று சொன்னாள். எப்போது வருவாள் என்று சொல்லவில்லை.

ஏழேகாலுக்கு வந்தார்கள். சின்னவன் என் முகத்தையே பார்த்தான், நான் கேட்கப் போகிறேன் என்று. ஏன் லேட்டு என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"சாப்பிட்டீங்களா?" என்றேன்.

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் கேள்வியில் என்ன உள்குத்து இருக்குமோ என்று யோசித்த பிறகுதான் பதில் சொன்னார்கள்.