மூன்றாவது சீட்டு

மார்ச் 4, செவ்வாய்

மனைவிக்கு மூட்டுவலி. மூன்று வாரம் படியிறங்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஊதாப் பையை என் கையில் கொடுத்து, "இன்னைக்குச் சந்தை. நீங்கதான் போகணும்" என்றாள். "கொத்தமல்லி எது, புதினா எதுன்னு தெரியுமில்ல? அங்க போய் யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க."

பட்டியலை அகர வரிசையில் எழுதிக்கொண்டு போனேன். தவறு. சந்தை மைதானத்தை நான்கு முறை குறுக்கும் நெடுக்குமாகக் கடக்க வேண்டியதாயிற்று.

மைதானம் வீட்டிலிருந்து இரண்டு தெருதான். நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த அகராதி அலுவலகம் இன்னும் பக்கம், மைதானத்தை ஒட்டிய கட்டடம். ஆனாலும் இன்றுதான் முதல்முறையாகச் சந்தைக்குள் கால் வைத்தேன். கூட்டம் என்றால் எனக்கு நடுக்கம். பேரம் பேச வராது.

கீரை விற்கும் அம்மா ஒருவர் என்னைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தார். "இது அக்கா பையாச்சே. அவங்களுக்கு என்ன?" என்று கேட்டார். மூட்டுவலி என்றேன். கீரைக் கட்டுகளைப் பையில் வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் தனியே எடுத்து நீட்டினார். "ஐயா, இது புதினா."

வீட்டுக்காரி முன்கூட்டியே தகவல் அனுப்பிவிட்டாளோ?

மார்ச் 11, செவ்வாய்

மைதானத்து விளக்குக் கம்பத்தில் நகராட்சி அறிவிப்பு. குடை ரிப்பேர்காரர் உரக்கப் படிக்க, எல்லாரும் சுற்றி நின்றார்கள். மே மாதத்திலிருந்து இந்த இடம் கார் நிறுத்துமிடம். சந்தை நடக்கும் இடத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றக் கூடாது என்று விதி இருக்கிறதாம். ஆனால் இது சந்தையே இல்லையாம். அதற்கு அகராதியை மேற்கோள் காட்டியிருந்தார்கள்:

'சந்தை: நிலையான கடைகளுடன், பொருள்களை விற்பதற்கென அமைக்கப்பட்ட இடம்.'

இங்கே நிலையான கடை எதுவும் இல்லை. ஆகவே.

"அப்போ முப்பது வருஷமா நான் எங்க உக்காந்திருக்கேன்?" என்றார் கீரைக்கார அம்மா.

"அகராதியில இல்லாத எடத்துல" என்றார் குடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. 'அமைந்த' என்பதா, 'அமைக்கப்பட்ட' என்பதா என்று இரண்டு நாள் யோசித்து அந்த வரியை எழுதியவன் நான்.

வெண்டைக்காய் வாங்காமலே வந்துவிட்டேன். மனைவி கேட்டதற்கு, தீர்ந்துவிட்டது என்றேன். பொய்.

மார்ச் 12, புதன்

பரணிலிருந்து என் பழைய சீட்டுப் பெட்டியை இறக்கினேன். அந்த நாளில் எங்கள் அலுவலக விதி இது: ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் தர வேண்டுமானால், அந்தப் பொருளில் அது ஆளப்பட்டதற்கு எழுத்தில் மூன்று சான்று வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு சீட்டில்.

'குறித்த நாளில் மக்கள் கூடி விற்றுவாங்குதல்' என்ற பொருளுக்கு இரண்டே சீட்டு. ஒன்று பழைய தீர்ப்பு ஒன்றிலிருந்து, மற்றது யாரோ எழுதிய பயணக் கடிதத்திலிருந்து. இரண்டாவதன் மூலையில் என் பென்சில் எழுத்து: 'மூன்றாவது கிடைக்கவில்லை. விடலாம்.'

விட்டேன். விதியை மீறாமல் இருந்ததில் ஒரு திருப்தி வேறு. எங்கே தேடினேன்? நூலகத்தில், ஆவணக் காப்பகத்தில். செவ்வாய்க்கிழமைகளில் வெளியே இரைச்சல் தாங்காது என்று ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்வேன்.

அது என்ன இரைச்சல் என்று ஒருநாளாவது—

மார்ச் 13, வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? சொல்லாவிட்டால்?

மார்ச் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். கீரைக் கட்டைக் கையில் வாங்கியபடி, தலையைக் குனிந்துகொண்டு, "அந்த வரியை எழுதினது நான்தாம்மா" என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கீரைக்குத் தண்ணீர் தெளித்தார். பிறகு, "ஒரு தடவை வந்து பாத்திருக்கலாமில்ல, ஐயா?" என்றார். அவ்வளவுதான்.

வேறு இடம் கொடுப்பார்களே என்றேன், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"எடம் எங்க வேணா கிடைக்கும். என்னைத் தேடி அக்கா அங்க வருவாங்களா? நாலு பேரு ஒரே நாள்ல வந்தாத்தானே எனக்குப் பொழப்பு?"

நான் எழுதியிருக்க வேண்டிய பொருள் அதுதான். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். அப்படியே ஒரு மணி நேரம் நின்று, காதில் விழுந்ததை எல்லாம் எழுதினேன். 'சந்தை இன்னும் கூடல.' 'மழை வந்தா சந்தை கலைஞ்சிடும்.' 'பொங்கல் வாரம் சந்தையே இல்ல.' கூடுவதும் கலைவதும் ஆட்கள். எந்தக் கட்டடம் கலையும்?

"என்ன சார், வரி போட வந்திருக்கீங்களா?" என்று குடைக்காரர் கேட்டார்.

மார்ச் 20, வியாழன்

அகராதி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். இப்போதைய ஆசிரியர் மரியாதையானவர். "எழுத்துச் சான்று ஒண்ணு இருந்தா கொடுங்க சார், இப்பவே திருத்தக் கடிதம் தரேன். காதுல கேட்டதை எப்படி எடுத்துக்கறது?"

இதையே, இதே மரியாதையுடன், நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

நகராட்சி விசாரணை ஏப்ரல் 9.

மார்ச் 26, புதன்

ஐந்து நாளாக நூலகம். கண் எரிகிறது. இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

மனைவிக்கு வலி குறைந்திருக்கிறது. குறைந்ததும் முதல் வேலையாகச் சமையலறை அலமாரியைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பினாள். டப்பாக்களை இறக்கித் தருவது என் வேலை. தட்டுகளில் விரித்திருந்த பழைய காலண்டர் தாள்களை உருவிப் போட்டாள். அடித்தட்டில் இருந்த தாள் கையில் வந்ததும் நின்றுவிட்டேன்.

அகராதி அச்சுக்குப் போனதற்கு முந்தைய வருடம். ஆகஸ்ட் மாதம். ஒவ்வொரு செவ்வாய்க் கட்டத்திலும் அவள் கையெழுத்தில் 'சந்தை'. மூன்றாவது செவ்வாயில் மட்டும், 'மழை. சந்தை இல்லை.'

அந்தச் செவ்வாயன்று மைதானம் அங்கேயேதான் இருந்திருக்கிறது. சந்தைதான் இல்லை.

"என்னங்க, டப்பாவைக் குடுங்க" என்றாள். தாளைக் காட்டினேன். "இதுக்கா இத்தனை நாள் நூலகம் நூலகம்னு அலைஞ்சீங்க? நான் வருஷம் பூரா எழுதி ஒங்க மூஞ்சிக்கு நேராத்தானே மாட்டியிருந்தேன்?"

உண்மை. அந்தக் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்துதான் தினமும் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மூன்று சீட்டு. ஆசிரியரின் திருத்தக் கடிதம். பேச வேண்டியதை நான்கு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். நாக்கு ஒட்டிக்கொண்டால்?

"நானும் வரேன்" என்கிறாள். படியிறங்கலாமா என்றேன். "சந்தைக்குத்தான் போக முடியல, சந்தைக்காகப் போக முடியும்."

ஏப்ரல் 9, புதன்

நாக்கு ஒட்டிக்கொண்டது. எழுதியதைப் பார்த்துப் படித்தேன். அவசரத்தில் இரண்டு வரி விட்டுப்போயிற்று. பின் வரிசையில் கீரைக்கார அம்மாவும் குடைக்காரரும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும்.

அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிளகாய்ப்பொடிக் கறை அவர் விரலில் ஒட்டியது. "இது வீட்டுக் காலண்டர்தானே?"

"ஆமாங்க. எழுதினது என் மனைவி. வருஷம் மேலேயே அச்சாகியிருக்கு."

மனைவியைக் கேட்டார். "சான்றுக்காக ஒண்ணும் எழுதலைங்க" என்றாள் அவள். "மறந்துடக் கூடாதுன்னு எழுதினேன்."

"அப்போ அகராதி தப்புன்னு சொல்றீங்களா, சார்?"

இதற்குப் பதில் நான் எழுதி வைத்திருக்கவில்லை. "அகராதி இல்லைங்க" என்றேன். "நான்."

குறித்துக்கொண்டார். முடிவை எழுத்தில் தெரிவிப்பார்களாம். வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் மூட்டுவலிக்காரிதான் என்னைக் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

ஏப்ரல் 19, சனி

முடிவு வரவில்லை. மைதானத்தில் வெள்ளைக் கோடு போடுகிறார்கள். கட்டம் கட்டமாக, எண்களுடன். தூர நின்று பார்த்துவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

மே 6, செவ்வாய்

விளக்குக் கம்பத்தில் புதுப் பலகை: 'கார் நிறுத்துமிடம்.' அதற்குக் கீழே, சிறிய எழுத்தில்: 'செவ்வாய்க்கிழமை சந்தை. வாகனங்களுக்கு அனுமதி இல்லை.'

கீரைக்கார அம்மா பதினான்காம் எண் கட்டத்துக்குள் சாக்கு விரித்திருந்தார், கோட்டைத் தாண்டாமல். "எனக்கும் இப்ப நிலையான கடை வந்துடுச்சு. எழுதிக்குங்க ஐயா."

எழுதிக்கொண்டேன். தேதியும் போட்டேன்.

மனைவிக்கு இப்போது கால் சரியாகிவிட்டது. ஆனாலும் பையை என்னிடம்தான் கொடுத்தாள். பட்டியல் இல்லாமல் போனேன். புதினாவை நானே எடுத்து நீட்டினேன். அந்த அம்மா ஒரு கணம் பார்த்தார், திருத்தவில்லை.