போளூரில் ஒன்றரை சென்டிமீட்டர்

பிப்ரவரி 9
செல்வமுருகன் இந்த மலைக்கிராமம் போளூருக்கு வந்து பத்து நாள் ஆகிறது. இருவருக்கும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே துறை. அவர் உடல்சார் மானிடவியல், நான் பண்பாட்டு மானிடவியல். அவர் ஆட்களைப் பலகையில் நிறுத்தி உயரம் அளப்பார். நான் அதே ஆட்களை உட்காரவைத்துக் கதை கேட்பேன். "நீங்க கேக்குற கேள்விக்குச் சனம் நெளியுது. நான்தான் நேரா நிக்க வைக்கிறேன்" என்கிறார். பெருமையைப் பார்.

பிப்ரவரி 12
மானம் போனது. 'ஆண்கள் நின்ற பலகையில் பெண்கள் ஏறாத மரபு' என்று நான்கு பக்கம் எழுதியிருந்தேன். செல்வமுருகன் அதைப் படித்துவிட்டு நேரே கருப்பம்மாளிடம் போய்க் கேட்டார். அந்த அம்மா வீட்டு வாசலில்தான் அந்தப் பலகை கிடக்கிறது.

"மரபா? ஆம்பளைக பொழுதுசாய பூண்டு மூட்டைய எறக்கிட்டு, மண்ணுங் காலோட வந்து ஏறுறாக. வெள்ளனே நான் கழுவிவிட்டதும் பொம்பளைக ஏறிக்கிடுறோம். அம்புட்டுத்தான்."

செல்வமுருகன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தத் தப்பு ஆய்வேட்டில் ஏறாமல் தப்பித்தேன். நன்றி சொல்லவில்லை.

மார்ச் 3
துறையில் ஒரே ஒரு உதவிப் பேராசிரியர் இடம், இரண்டு பிரிவுக்கும் சேர்த்து. இருவருமே விண்ணப்பித்திருக்கிறோம். நாயுடுபுரம் டீக்கடையில் பீற்றிக்கொண்டார்: "ஆண், பெண் உயர வித்தியாசம் மத்த ஊரைவிடப் போளூர்ல ஒன்றரை சென்டிமீட்டர் கம்மிங்க. இன்டர்வியூல இதைத்தான் பேசப்போறேன்."
டீக் காசை அவரையே கொடுக்க வைத்தேன்.

மார்ச் 10
இன்டர்வியூவுக்காக அவருடைய புத்தகத்தையே இரவல் வாங்கிப் படிக்கிறேன். நாள் முழுக்கச் சுமை தூக்கினால் முதுகெலும்பு அமுங்குமாம். சாயங்காலத்துக்குள் உயரம் ஒன்றரை சென்டிமீட்டர்கூடக் குறையலாமாம்.

அட! ஆண்களை அளந்தது மூட்டை இறக்கிய பிறகு. பெண்களை அளந்தது விடிந்ததும். கருப்பம்மாள் சொன்னது எங்கள் இருவர் காதிலும்தானே விழுந்தது? அவருக்குச் சிரிக்கவே நேரம் போதவில்லை, எனக்குக் கோபப்பட.

சொல்லணுமா? சொல்லாட்டி இன்டர்வியூலயே மாட்டிக்கிடுவார். வேலை எனக்குத்தான் — எனக்கு அந்த வேலை வேணும். ரொம்ப வேணும்.

மார்ச் 11
சொல்லித் தொலைத்தேன்.

மார்ச் 16
இன்டர்வியூ. உள்ளே போனதுமே "என் முடிவு தப்புங்க" என்று ஆரம்பித்தாராம். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "மகாதேவி கண்டுபிடிச்சாங்க. வெளியதான் இருக்காங்க, கூப்பிட்டுக் கேளுங்க" என்றாராம்.
லூசு.

ஏப்ரல் 2
உத்தரவு வந்தது. என் பெயர்தான்.

செல்வமுருகன் போன் செய்தார். "சந்தோஷம்ங்க" என்றார். குரலில் அது கம்மிதான். மறைக்கத் தெரியாத மனிதர். "ஆம்பளைகளை மறுபடி அளக்கணும்ல? நாளைக்கு வெள்ளனே போளூர் வந்துருங்க. நான் கூட நின்னு எழுதிக்கிடுறேன்" என்றேன்.

"அளக்குற நேரத்தையும் சேத்து எழுதுங்க" என்றார்.