பூட்டை எடுத்த பிறகு

ஜூன் 3

மனநல மருத்துவமனையில் எங்கள் பெண்கள் வார்டு வாசலுக்கு இனிப் பகலில் பூட்டு கிடையாது. புது டாக்டர் சொல்லிவிட்டார். குணமாகியும் அழைத்துப்போக ஆளில்லாமல் தங்கிவிட்டவர்களை எதற்குப் பூட்டிவைக்க வேண்டும் என்கிறார். பெரிய சிஸ்டருக்குக் கோபம். "ஒருத்தி காணாமப் போனா நம்ம தலைதான் உருளும்."

எனக்கென்னவோ ஆவலாக இருக்கிறது. முதலில் யார் போவார்கள்?

ஜூன் 4

யாரும் போகவில்லை.

ஜூன் 6

தையலம்மா வாசல்வரை வந்தார். பல வருடங்களாக இங்கே இருப்பவர்; வார்டின் தலையணை உறைகளெல்லாம் அவர் தைத்தவை. படி இறங்காமல் திரும்பிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"பூட்டியிருந்தப்போ வெளிய போகணும்னு மட்டும்தான் தோணும். இப்போ எங்க போறதுன்னும் நானே யோசிக்கணுமே, சிஸ்டர்."

என்னை யாரும் பூட்டவில்லை. நானாக யோசித்து எங்கே போயிருக்கிறேன்? வேலை, வீடு, மறுபடி வேலை.

ஜூன் 11

மழையில் வெளியே போய்த் தொப்பலாக வந்து நின்றார் தையலம்மா. திட்டினேன். "நனையணும்போல இருந்துச்சு" — அவ்வளவுதான் பதில்.

ஜூன் 19

இருட்டப்போகிற நேரம். தையலம்மா வரவில்லை. பெரிய சிஸ்டர் பூட்டைக் கையில் எடுத்துவிட்டார். தெருத்தெருவாக ஓடினேன். ஐயோ, எங்க போய்த் தொலைஞ்சாங்க? ஏதாவது வண்டியில — வேண்டாம், எழுத மாட்டேன்.

மருந்துக்கடைக்குப் பின்னால் ஒரு தையல்கடை. மெஷினில் குனிந்து காலர் தைத்துக்கொண்டிருந்தார்!

"வேலை கேட்டாங்க, உக்கார வெச்சேன். மாடி ரூம்கூட சும்மாதான் கெடக்கு," என்றார் கடைக்காரம்மா.

தையலம்மா என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். "வரணுமா, சிஸ்டர்?"

'வாங்க' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பார். அதுதான் பயமாக இருந்தது.

"உங்க இஷ்டம்மா."

காலரை மறுபடி ஊசிக்கடியில் இழுத்து வைத்தார். பிறகு, "இங்கயே இருந்து பாக்குறேன்," என்றார்.

ஜூன் 20

டாக்டர் கடைக்கே போய்ப் பேசிவிட்டு வந்தார். வாரம் ஒருமுறை வந்து மாத்திரை வாங்கிக்கொண்டால் போதுமாம். பெரிய சிஸ்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வாசலைப் பூட்டவும் இல்லை.

ஜூலை 10

மாத்திரை வரிசை நீளமாக இருந்தது. நடுவிலிருந்து ஒரு அதட்டல்: "எவ்ளோ நேரம்தான் நிக்கிறது? கடையில எனக்கு வேலை கெடக்கு. சீக்கிரம் குடுங்க!"

தையலம்மா. இத்தனை வருடத்தில் எங்களை ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர்.

பெரிய சிஸ்டர் மறுபேச்சில்லாமல் மாத்திரையை எடுத்து நீட்டினார்.