உன் வளையம் கசிகிறது

இன்று காலை பெருங்குடி அலுவலகத்தில் சோதனை அறையைத் திறந்ததும் சூடான எண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. ஜன்னலைத் திறந்தால் குப்பைக் கிடங்கின் நாற்றம் வரும். "எண்ணெயா குப்பையா, ஏதாவது ஒண்ணுதான் மச்சி" என்பாய். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஜன்னல் மூடியே இருக்கிறது.

நாம் இங்கே செய்வது இரண்டு பேர் உட்காரும் சின்ன மின்சார விமானம். அதன் கியர்ப் பக்கத்து எண்ணெய், சுழலும் தண்டோடு வழிந்து மோட்டாருக்குள் போய்விடாமல் தடுக்க ஒரு சீல் வேண்டும். எஃகு வளையத்தோடு ஒரு கரி வளையம் ஒட்டி உரச வேண்டும். அதை அழுத்திப் பிடிக்க ஸ்பிரிங் வேண்டும். வெளிநாட்டு சீல் போட்டால் ஏறும் விலைக்கு இந்த விமானத்தை யாரும் வாங்க மாட்டார்கள் என்று முதலில் சொன்னவன் நீ. ஒருநாள் சைதாப்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, பழைய டிக்கெட் ஒன்றை அலை அலையாக மடித்து விரலால் அமுக்கிக் காட்டினாய்.

"பத்து குட்டி ஸ்பிரிங் எதுக்கு? இந்த மாதிரி ஒரே தகடு போதும்."

இரண்டு வருஷம் நாம் இருவரும் அந்தத் தகட்டோடுதான் வாழ்ந்தோம். பிறகு மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நாலே நாள்.

நீ போன பிறகு நம் முதலாளி அந்த சீலுக்கு உன் பெயரையே வைத்தார். பெசன்ட் நகர் வீட்டில் உன் படத்துக்குக் கீழே உன் அம்மா அந்த வளையம் ஒன்றை வைத்திருந்தார்கள். "எப்போம்மா பறக்கும்? கோயில்ல ஃபாதர்கிட்டகூட சொல்லிட்டேன்" என்று கேட்டார்கள். "சீக்கிரம் ஆன்ட்டி" என்றேன்.

அடுத்த வாரமே சோதனையில் அந்த சீல் கசிந்தது. நன்றாகச் சூடேற ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கீழே விரித்திருந்த வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் சொட்டு. சூட்டில் உன் தகடு தளர்ந்துபோகிறது. அந்தத் தாள்களை மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பதினோரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உன் பெயரை நானே அழிக்கிறேன். சொல்லாவிட்டால், அந்த விமானத்தில் ஏறி உட்காரப்போகிற இரண்டு பேர்? மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறும்போதெல்லாம் இன்று சொல்லிவிடுவேன் என்று நினைப்பேன். அலுவலகத்தில் உன் பெயர் போட்ட வரைபடத்தைப் பார்த்ததும் வேறு வேலையை எடுத்துக்கொள்வேன்.

பன்னிரண்டாம் நாள் அறிக்கையில் "கசிகிறது" என்று எழுதிக் கொடுத்தேன். முதலாளி இரண்டு முறை படித்தார். "ஸ்பிரிங்தானா?" "ஆமா சார்." சோதனைப் பறப்புக்கு வெளிநாட்டு சீலை வரவழைத்தார். விமானம் பறந்தது. உன் வளையம் அதில் இல்லை.

அது பறந்த அன்று சாயங்காலமே உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். வெகுநேரம் சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்கள்.

"அவன் இருந்திருந்தா சரி பண்ணியிருப்பானா?"

"பண்ணியிருப்பான் ஆன்ட்டி."

"அப்போ நீ பண்ணு."

அவர்கள் அழுதிருந்தால் நான் தப்பித்திருப்பேன். புனேயில் எனக்குக் கிடைத்திருந்த வேலையை அந்த வாரமே வேண்டாம் என்று எழுதிவிட்டேன். வீட்டில் ஏன் என்று கேட்டார்கள். இப்போது மற்ற வேலைகளுக்கு நடுவே, முதலாளி கண்டும் காணாமல் விட, தகட்டின் உலோகத்தை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். நாலாவது தகடும் கசிகிறது. சில நாள் உன் மேல் கோபம் கோபமாக வருகிறது. செத்ததற்காக இல்லை, பாதியில் என் கையில் கொடுத்துவிட்டுப் போனதற்காக. இதை வேறு யாரிடம் சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உன் அம்மா போன் செய்கிறார்கள். போன வாரமும் செய்தார்கள்.

"இன்னும் சொட்டுதாம்மா?"

"சொட்டுது ஆன்ட்டி. முன்னவிட கம்மி."

"சரி, நாளைக்குப் பாரு."

அவ்வளவுதான், வைத்துவிட்டார்கள். அந்த "நாளைக்குப் பாரு" ஒரு சுமையாக என்னிடமே இருக்கிறது. அதை இறக்கி வைக்க எனக்கு இன்னும் ஓர் இடம் கிடைக்கவில்லை.