நாலில் ஒரு பொட்டலம்

ரெட்டியார்பாளையம்

அன்பு மகள் சுடர்விழிக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை கோபிநாத்தும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் நலமாக இருக்கவேண்டும். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதி, இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பும்படி உன் அண்ணன் சிலம்பரசனிடம் சொல்கிறேன்.

அண்ணன் குழந்தை அபி வெளுத்துப்போய்க் கிடந்தாளே, அது பல் முளைக்கிற சோர்வு இல்லையாம். தலசீமியா என்கிறார்கள், உடம்பில் நல்ல ரத்தம் ஊறாதாம், மாதாமாதம் ஏற்றவேண்டுமாம். அந்தப் பிஞ்சுக் கையில் நர்ஸ் நரம்பு தேடினபோது நான் வெளியே ஓடிவந்துவிட்டேன். அண்ணனிடமும் சிந்துஜாவிடமும் ஆளுக்குப் பாதிக் குறை இருந்திருக்கிறது. பாதி இருந்தால் வெளியே தெரியாது, இரண்டு பாதியும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால்தான் நோய். எங்களையும் சோதித்தார்கள். எனக்கும் இருக்கிறது, என் தம்பி சாமிக்கண்ணுவுக்கும், அதாவது உன் மாமனாருக்கும், இருக்கிறது. பெண் கொடுத்துப் பெண் எடுத்தோமே, அண்ணனுக்குச் சிந்துஜா, உனக்கு அவள் அண்ணன். அதே பாதி உங்கள் இருவரிடமும் இருக்குமோ என்றுதான் எனக்குப் பயம்.

சாமிக்கண்ணு என்னைத் தேற்றினான். நாலுல ஒண்ணுக்குத்தான் வரும்னு டாக்டரே சொல்றாங்க, அந்த ஒண்ணு அபிக்கு வந்துடுச்சு, சுடருக்கு இனிமே பயமில்லக்கா என்றான். நானும் நம்பிவிட்டேன். டாக்டரம்மாவிடம் சொன்னதற்கு, கோயில்ல பூக்கட்டிப் பாப்பீங்களே, நாலு பொட்டலத்துல ஒண்ணு சிவப்பு மூணு வெள்ளைன்னு வெச்சுக்கங்க, சிவப்புதான் நோய், ஒவ்வொரு புள்ளைக்கும் நாலையும் திரும்பக் குலுக்கித்தான் போடணும், முன்ன எடுத்தது கணக்குல வராதும்மா என்றார். உன்னிடமோ மாப்பிள்ளையிடமோ, ஒருவரிடம் அந்தப் பாதிக் குறை இல்லையென்றாலும் பிள்ளைக்கு அந்த நோய் வராதாம். இரண்டு பேருக்கும் இருந்தால்தான் பயம்.

அதனால் இருவரும் உடனே ரத்தம் கொடுங்கள். வழக்கமாகப் பார்க்கிற குரூப்பும் சர்க்கரையும் போதாது, அபியின் நோயைச் சொல்லிக் கேளுங்கள். மூன்றாம் மாதம்தானே, வயிற்றுப் பிள்ளைக்குப் பார்க்கவேண்டிய சோதனையைப் பார்க்க இன்னும் நேரம் இருக்கிறது. மாப்பிள்ளை லீவு கிடைக்காது என்பார், விடாதே. பேரீச்சம்பழம் தின்றால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதே. யாரும் யாரையும் குறை சொல்லவேண்டாம். நிலம் நீச்சு கொடுக்காத குடும்பம், இதை மட்டும் தவறாமல் கொடுத்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை கருவடிக்குப்பம் கோயிலுக்குப் போய் உன் பிள்ளைக்காகப் பூக்கட்டிப் போட்டேன். குழந்தை கையால்தானே எடுக்கவேண்டும், அபிதான் எடுத்துக் கொடுத்தாள். வாங்கினேன், பிரிக்கத் தைரியம் வரவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் அப்படியே வைத்திருக்கிறேன், பூ வாடியிருக்கும்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் தீர்க்காயுசாக இருக்கவேண்டும். ரிசல்ட் வந்ததும் எந்த நேரமானாலும் கூப்பிடு. நீ சொன்ன பிறகுதான் அந்தப் பொட்டலத்தைத் தொடுவேன்.

பயந்துகொண்டே இருக்கும் உன் அம்மா,
வேம்பு